தெரியாமல் இருக்கும் உரிமை

ஜெர்மனியில், பிரேமன் நகர மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்குள் நுழைகிறவர் யாரானாலும், எல்லோருக்கும் பொதுவாக 'மொய்ன்' என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அதன்பின் பேச்சே கிடையாது. திருவண்ணாமலையில் டாக்டர் வீட்டுப் பெஞ்சில் உட்காருவதற்குள் பக்கத்திலிருப்பவர் "இன்னாம்மா உடம்புக்கு?" என்று கேட்டுவிடுவார். பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்த நாட்களில், யாராவது அப்படிக் கேட்க மாட்டார்களா என்றிருந்தது எனக்கு.

அறுவைக்குப் பிறகு கட்டியின் துண்டைப் பரிசோதித்தார்கள். செல்கள் பெருகும்போது மரபணுவில் விழும் பிழைகளைத் திருத்துகிற வேலை அதில் நடக்கவே இல்லை. ரத்தத்தைப் பார்த்தபோது, அந்தக் குறை பிறவியிலேயே வந்தது என்று தெரிந்தது. மரபணு ஆலோசகரான பெண்மணி பெற்றோரைப் பற்றி விசாரித்தார். அப்பா நாற்பத்திரண்டு வயதில், ரத்தம் போய்ப் போய் இறந்தவர். மூலம் என்று நம்பிக் கடைசிவரை நாட்டு மருந்துதான் கொடுத்தோம். அதைக் கேட்டதும் அவர் பேனாவைக் கீழே வைத்தார். உடன்பிறந்தவருக்கும் இது இருக்கச் சரிபாதி வாய்ப்பு என்றார்.

எனக்கு இருந்தது ஒரே அண்ணன், சேகர். செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அன்றே போன் செய்து, ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் மகள் கவிதாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். பரம்பரை வியாதி என்ற பேச்சு வெளியே போனால் யார் பெண் எடுப்பார்கள் என்று அவருக்குப் பயம்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் மூலச்சூடு, அவ்ளோதான். இத இங்க யார்கிட்டயும் சொல்லிடாத."

அப்பாவுக்கும் மூலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். மறுவாரம் ஆலோசகரிடம் போய் அழுதேன். தனக்கு நோய் இருக்கிறதா என்று தெரியாமல் இருக்கும் உரிமை அண்ணனுக்கு உண்டு என்றார் அவர். என் ஜெர்மன்தான் தப்போ என்று திரும்பக் கேட்டேன். அதே வாக்கியத்தை இன்னும் மெதுவாகச் சொன்னார். எங்கள் அப்பாவுக்கும் அந்த உரிமை இருந்தது என்றேன். நான் ஒத்துக்கொண்டதாக நினைத்து அன்பாகத் தலையாட்டினார்.

சில மாதங்களில் அண்ணனை வேலூரில் சேர்த்தார்கள். நோய் கல்லீரல்வரை பரவியிருந்தது. அவர் கட்டியிலும் எனக்கிருந்த அதே குறை. இந்த வகைக் கட்டிக்கு, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து பலருக்கு நன்றாகக் கேட்கும். முதல் ஊசி போட்டார்கள். அது வேலை செய்ய அவர் உடம்பில் தெம்பு மிச்சமில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது, "கவிதாவ விட்டுடாத," என்று மட்டும் சொன்னார்.

காரியம் முடிந்ததும் கவிதா என்னிடம் வந்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுல நானே சொல்லிட்டேன் அத்த. வேணாம்னு போய்ட்டாங்க. எனக்கும் டெஸ்ட் எடுத்துடலாம்."

அவளுக்கும் இருந்தது.

அண்ணி வாடகை அறைகளை விட்டுவிட்டு மகளோடு வேலூருக்கே போய்விட்டார். திருவண்ணாமலையில் நான் போய் இறங்க இப்போது வீடில்லை. போன வாரம் கவிதாவுக்குக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, புற்றாக மாறும் முன்பே இரண்டு சிறு முளைகளை எடுத்தார்கள். அந்த நேரம் நான் பிரேமனில், சமையலறையில், போனை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. என் உடம்பின் ஒரு பாதி வேலூரில் மயக்கத்தில் கிடந்தது. அது கண் விழித்துக் காப்பி கேட்டதாக அண்ணி சொன்ன பிறகுதான், இங்கிருந்த பாதி எழுந்து வேலைக்குப் புறப்பட்டது.