இடப்பக்கம் யாரும் இல்லை

பக்கவாதம் வந்து தேறியபின் என் கணவருக்கு உலகத்தின் இடப்பக்கம் காணாமல் போயிற்று. தோசையில் வலது பாதியைத் தின்றுவிட்டு "இன்னொண்ணு போடேன்" என்பார். தட்டைத் திருப்பி வைப்பேன். "பேஷ், அதுக்குள்ள வந்துடுத்தே!" என்று மீதியைச் சாப்பிடுவார். ஒரே தோசையை இரண்டாகப் போட்ட கெட்டிக்காரி மயிலாப்பூரிலேயே நான் ஒருத்திதான்.

சிரிப்பெல்லாம் தட்டோடு சரி. கல்யாணப் போட்டோவிலிருந்தே நான் அவருக்கு இடப்பக்கம். கட்டிலிலும் அப்படித்தான். விடிகாலை அரைத்தூக்கத்தில், "எங்க போயிட்டா இவ?" என்று வலப்பக்கத்துச் சுவரிடம் கேட்பார். பக்கத்திலேயே படுத்திருந்தும், நிஜமாகவே எழுந்து போய்விட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வரும். என் கையை நானே தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இவருக்கு நான் இனிமேல் இல்லவே இல்லையோ என்று பயமாக இருந்தது.

பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண்ணிடம், "நான் வலப்பக்கமே மாறிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைதான் அந்தப் பக்கம் கவனம் வைக்க மாட்டேங்குது. கவனிக்காட்டியும், பார்த்ததுல கொஞ்சம் உள்ள போய்க்கிட்டேதான் இருக்கும். நீங்க இடப்பக்கமே இருங்க. அங்கேருந்தே கூப்பிடுங்க."

கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். உள்ளே போகிறதாம்! போய் என்ன பிரயோஜனம் என்று எரிச்சலாக வந்தது.

சாயங்காலங்களில் லஸ் பக்கத்துப் பூங்காவுக்கு அவரை அழைத்துப் போவேன். அன்று மேகம் தாழ இறங்கியிருந்தது. பஸ்களின் ஹாரன்கூட எங்கேயோ தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்டது. பெஞ்சின் மேல் புங்கம்பூ மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது. அவரை நடுவில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கூப்பிடக்கூடத் தெம்பில்லை. இடப்பக்கம் சும்மா நின்றேன். அவர் வலப்பக்கம் பந்து விளையாடும் குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் திரும்பவில்லை. ஆனால் வலது கையைப் பெஞ்சில் ஊன்றி, மெதுவாக வலப்பக்கம் நகர்ந்தார். என் பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்.

"ஏன் நகர்ந்தேள்?"

என் குரலை வலப்பக்கத்தில் தேடினார்.

"வந்துட்டியா? எங்க நிக்கறே? அந்தப் பக்கம் யாரும் இல்ல. வெயில்தான் அடிக்கறது, அதான்."

வானத்தில் சூரியனே இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமாம், சுட்டெரிக்கறது" என்று சொல்லிவிட்டு, அவர் விட்ட இடத்தில் உட்கார்ந்தேன்.