ஏழு சபைகளுக்கு ஒரு செல்லத்துரை

இந்த ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே நான் ஒரு சவத்துக்காக ஜெபிக்கத் தயாராகிவிட்டேன். ஆராதனை தொடங்கும் நேரம். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத் தலைவி எஸ்தர் அக்கா உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "அந்தச் சவம் நேத்தே செத்துப்போச்சி. எடுத்துட்டுப் போவ ஒருத்தனுக்கும் நேரமில்ல." ஒரு நாள் முழுக்கப் பிணத்தை அறைக்குள் போட்டுவைத்துவிட்டுப் பாட்டுப் பாட உட்கார்ந்திருக்கும் சபையை நான் அதுவரை கண்டதில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு, அடக்க ஆராதனைப் பக்கத்தைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். மேசைமேல் ஒரு ஆம்ப்ளிஃபையர் கிடந்தது. இந்தப் பக்கத்தில் வேலை செய்யாத எதுவும் சவம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் நம் சபையார் உங்களுக்கு அந்த நாள் நினைவிருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கணவரும் போய்ச் சேர்ந்து, வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த காலம். "இரண்டு வருஷம் இந்தியாவில் மிஷனரியாகப் போக யார் ஆயத்தம்?" என்று பாஸ்டர் கேட்டார். நான் முடிவெடுக்கும் முன்பே என் கை மேலே போய்விட்டது. எல்லாரும் சுற்றி நின்று என் தலையில் கைவைத்து ஜெபித்தீர்கள். இயேசு என்ற பெயரையே கேட்டிராத ஒரு கிராமம் எனக்காகக் காத்திருப்பதாக மனதுக்குள் படம் போட்டுக்கொண்டேன். பாஸ்டரும் அப்படித்தான் போட்டிருக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊழியர் இல்லாத சின்னச் சபை என்று யாரோ சொன்னார்கள், அனுப்பிவிட்டார். மாதாமாதம் நான் எழுத வேண்டிய அறிக்கையில் 'புதிதாக நற்செய்தி கேட்டவர்கள்' என்று ஒரு கட்டமும் இருந்தது.

இரணியலிலிருந்து மண்டைக்காட்டுக்குப் போகிற வழியில், கிளைச்சாலையில் இருக்கிறது இந்த ஊர். ஏழு சபைகள். விடியும்போது ஏழு ஒலிபெருக்கிகளும் ஏழு பாட்டுகளைப் போடும். நான் நற்செய்திக் கைப்பிரதிகளோடு வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில் பூட்டன் காலத்திலிருந்தே உபதேசியார் குடும்பம். இரண்டாம் வீட்டுப் பையன்கள் இருவரும் வடநாட்டில் மிஷனரிகள். மூன்றாம் வீட்டுக்காரம்மா என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்து, "டீச்சரு ரட்சிக்கப்பட்ட தேதி என்ன?" என்று கேட்டார். எனக்குத் தேதி ஞாபகமில்லை. அவர் முகம் வாடிவிட்டது. என் இரட்சிப்புக்காக அரைமணி நேரம் ஜெபித்துத்தான் வெளியே விட்டார். நம் பேச்சில் வரும் 'லா' மட்டும் இங்கே ஒருவருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அவர்களும் "உண்டுல்லா, இல்லல்லா" என்றுதான் பேசுகிறார்கள்.

"எல்லாம் நம்ம ஆளுங்கதான் டீச்சரே," என்றார் எஸ்தர் அக்கா. "ஒரே ஒரு வீடு உண்டு. செல்லத்துரை அண்ணனுக்க வீடு. ஆனா செவ்வாக்கெழமதான் போவ முடியும்."

"ஏன், மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போயிடுவாரா?"

"மத்த நாளு மத்த சபைக்காரங்களுக்க நாளுல்லா."

செல்லத்துரை அண்ணன் வாழைக்குலை வியாபாரி. மனைவி உயிரோடில்லை, வீட்டில் தனியாக இருந்தார். அய்யாவழி என்ற இந்த மண்ணின் மார்க்கத்தைச் சேர்ந்தவர், நெற்றியில் தீச்சுடர் போல வெள்ளை நாமம். எங்களைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக, "புதுசா வந்த டீச்சரா? இரிங்க. சக்கை தின்னுதியளா?" என்றார். நமக்குச் சக்கை என்றால் கரும்பைப் பிழிந்த மிச்சம். ஊழியப் பாதையில் பாடுகள் வரும் என்று தெரிந்துதானே வந்தேன், தலையாட்டினேன். தட்டு நிறையப் பலாச்சுளை வந்தது. நான் காணாமல்போன ஆட்டின் கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"பாயின்டு எல்லாம் சரி," என்றார் முடிவில். "ஆடு கிடைக்கிய எடத்துல மட்டும் கொஞ்சம் பைய செல்லணும். வெள்ளிக்கெழம வாற தம்பி அந்த எடத்துல ஒண்ணு நிறுத்துவான் பாருங்க, நமக்கே கண்ணு நெறஞ்சிரும்." இந்தப் பக்கத்தில் 'செல்லுவது' என்றால் சொல்லுவது.

"நீங்க விசுவாசிக்கிறீங்களாண்ணே?"

"கத நல்ல கத டீச்சரே. எனக்குக் கும்பிட அய்யா உண்டு. நீங்க வாருங்க, நான் கேக்கேன்."

அந்த மாத அறிக்கையில், 'ஒரு சகோதரர் மிகுந்த ஆர்வத்தோடு கேட்கிறார்' என்று எழுதினேன். எழுதியது பொய்யில்லை. ஆனால் நீங்கள் உபவாச ஜெபம் தொடங்கிவிட்டீர்கள். அடுத்த மாதம் பாஸ்டர் போன் செய்தார். பன்னிரண்டு பேர் குழுவாக வருகிறார்களாம், குளச்சல் கடலில் செல்லத்துரைக்கு ஞானஸ்நானமாம். எல்லாருக்கும் டீ-சட்டை அச்சடிக்கக் கொடுத்தாயிற்றாம். நான் எஸ்தர் அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். மறுநாளே மூன்று சபைகளின் மூப்பர்கள் என் வாசலில் நின்றார்கள். "டீச்சரே, அவரு பொதுவான ஆளு," என்றார் ஒருவர். "நீங்க மட்டும் கொண்டுபோனா, வியாழக்கெழம நாங்க எங்க போவோம்?"

செவ்வாய்க்கிழமை தனியாகப் போய் அவரிடமே எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"கடல்ல முங்கணும், அவ்வளவுதானே? முங்கிட்டு வந்து நாமம் போட்டுக்கிடுதேன். உங்களுக்க பேரு போவப்பிடாது."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சரி என்று சொல்ல என் வாய் திறந்தது. கரையில் நிற்கும் பன்னிரண்டு டீ-சட்டைகளும் கைதட்டலும் கண்ணுக்குள் வந்துவிட்டன. திறந்த வாயை மூடிக்கொண்டேன். "வேண்டாம்ணே. பொய்யா ஒரு ஆளைக் கொண்டுபோய் நிறுத்திட்டு, கர்த்தர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அப்போ நீங்க செல்லியது உங்களுக்கு நெசந்தான்," என்றார். பிறகு குரல் இறங்கியது. "எனக்க மவன் உங்க மலேசியாவிலதான் இருக்கான். கிள்ளான்ல ஒரு ஹோட்டல்ல வேல. நாலு மாசமா போன் எடுக்கல்ல. ஏழு சபைக்காரங்க வாறாங்க, ஒருத்தரிட்டயும் செல்லல்ல. செல்லியிருந்தா, அதுக்குப் பதிலா முங்கச் செல்லுவாங்கல்லா."

அன்று சாயங்காலமே பாஸ்டரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "அப்போ அந்த டீ-சட்டை?" என்றார். நான் மகனைப் பற்றிச் சொல்லி, அண்ணனிடம் கேட்டு வாங்கியிருந்த ஹோட்டல் பெயரைக் கொடுத்தேன். அதற்குமேல் நடந்தது உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு, அப்பாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, அறையில் முடங்கிக் கிடந்தவனைத் தேடிப் பிடித்தீர்கள். முறைவைத்துக் கஞ்சி கொண்டுபோனீர்கள். ஒருவரும் அவனிடம் பிரசங்கம் செய்யவில்லை என்று பாஸ்டர் சொன்னார். நம்புகிறேன், ஓரளவுக்கு.

போன செவ்வாய்க்கிழமை செல்லத்துரை அண்ணன் வீட்டில் இருந்தபோது என் போனுக்கு ஒரு படம் வந்தது. நம் சபையில், ஜன்னலோரப் பெஞ்சில், ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு அந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் போனை வாங்கித் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார்.

"எளச்சிட்டான்," என்றார். "இவன் இரிக்கியது யாருக்க எடம்?"

"என் இடம்ணே. இருபது வருஷமா நான் அங்கதான் உட்காருவேன்."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க இரிக்கியது அவனுக்க கசேர."

நான் சட்டென்று நாற்காலியிலிருந்து எழப்போனேன்.

"இரிங்க," என்றார்.