ஏர் ஃப்ரையரும் அரைமணி நேரச் சாப்பாடும்

என் வயிற்றைச் சுருக்கி ஆபரேஷன் செய்த டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று விஷயங்கள் சொன்னார். எண்ணெயில் முக்கிப் பொரித்ததைத் தொடக் கூடாது. ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான். அந்தக் கிண்ணத்தையும் அரைமணி நேரம் வைத்து மென்று மென்று சாப்பிட வேண்டும். முதல் இரண்டுக்கும் சமர்த்தாகத் தலையாட்டினேன். மூன்றாவதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன்.

பின்னே என்ன? நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். தைக்கிற பெண்கள் இருபது பேர் என் பொறுப்பு. மதியச் சாப்பாட்டுக்குக் கம்பெனி தருவது அரைமணி நேரம். அதில் இருபதாவது நிமிஷமே நான் எழுந்து நின்று கை தட்டுவேன். எல்லோரும் டப்பாவை மூடிக்கொண்டு மெஷினுக்கு ஓட வேண்டும். மேனேஜர் அப்படிச் செய்யச் சொன்னதே இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தை என் அப்பன் வீட்டுச் சொத்துபோல நானாகத்தான் கம்பெனிக்குத் தாரை வார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு டப்பா சோறு இறங்க ஏழு நிமிஷம் போதும். எடை நூற்றுப் பதினெட்டுக்குப் போனதில் அந்த வேகத்துக்கும் பங்கு உண்டு என்றார் டாக்டர். மூட்டு வலியும் சர்க்கரையும் வந்து மல்லுக்கட்டிய பிறகுதான் ஆபரேஷனுக்கே சம்மதித்தேன்.

நான் வீடு திரும்புவதற்குள் என் வீட்டுக்காரர், எண்ணெய் இல்லாமல் சூடான காற்றிலேயே பொரிக்கிற ஏர் ஃப்ரையர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அவர் முதலிபாளையத்தில் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். புது மெஷின் எது வந்தாலும் கூட வரும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவார். இதே கவனத்தோடு பெண் பார்க்க வந்திருந்தால் என்னைப் பற்றியும் நாலு இடத்தில் விசாரித்திருப்பார்.

தண்ணீர் ஆகாரம், கூழ், மசித்த சோறு என்று வாரங்கள் கழிந்து, ஒருவழியாகக் கோழி தின்னலாம் என்று அனுமதி வந்தது. முதல் நாளே ஒரு கிலோ கறியில் மசாலா தடவி, ஏர் ஃப்ரையரின் கூடை நிரம்ப அமுக்கிவிட்டேன்.

“அம்மிணி, பாதிக்கு மேல போடக் கூடாதுன்னு புக்குல இருக்குது” என்றார்.

“பாதி காலியா ஓட்டறதுக்கா மெஷின் வாங்கியாந்தீங்க?” என்றேன்.

லைனில் ஒரு மெஷின் சும்மா நின்றாலே எனக்கு வயிறு எரியும். ஆனால் இந்த மெஷினுக்கு என் டார்கெட் புரியவில்லை. மேலே இருந்தது கருகியது, அடியில் இருந்தது ரத்தமும் நீருமாகக் கிடந்தது. அவர் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை விரித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

அடுத்த தடவை கறியைக் குறைத்தேன். ஆனால் சும்மா இருக்க முடியுமா? சூட்டை ஏற்றி, இருபது நிமிஷ வேலையைப் பன்னிரண்டில் முடித்தேன். கறி அட்டைபோல வந்தது. ஒரே ஒரு துண்டு நெஞ்சுக்குள் நின்றுகொண்டு மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் ஒரு மணி நேரம் என்னை அழ வைத்தது. அதற்குப் பிறகுதான் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்ததைப் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

மெல்ல மெல்லக் கை பழகியது. கறியை முந்தின நாளே தயிரில் ஊற வைக்க வேண்டும். கால் ஸ்பூன் எண்ணெய் தடவினால் போதும். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, பாதியில் ஒரு தடவை புரட்டிப்போட வேண்டும். பனீரும் மீனும் வாழைக்காயும் இப்படியே வசத்துக்கு வந்தன. எண்ணெயில் பொரித்தது மாதிரியே இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுட்டதுக்கும் வறுத்ததுக்கும் நடுவே ஏதோ ஒன்று. ஆனாலும் ஒரு கட்டத்தில் எனக்கு அது பிடித்துப்போனது.

இதற்கிடையில் கம்பெனியில் ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தேன். பித்தப்பையில் கல், அதற்குத்தான் ஆபரேஷன் என்று. வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்று பேசுவார்களே என்ற பயம். வேறு யாராவது செய்திருந்தால் நானே அப்படித்தான் பேசியிருப்பேன்.

இரண்டரை மாதம் கழித்து வேலைக்குப் போனேன். “அக்கா, பாதியாப் போயிட்டீங்களே!” என்று என் லைனே கண் கலங்கியது. கல் எடுத்த உடம்பைத் தேற்றுவது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்கள்.

எங்கள் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. பேக்கிங் பக்கம் அட்டைகளை விரித்து வட்டமாக உட்காருவோம். எல்லோர் டப்பாவும் சுற்றி வரும், ஆளுக்கு ஒரு ஸ்பூன் வைத்தே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் சண்டை. எனக்கு இப்போது ஒன்றுக்கு இரண்டாக வைத்தார்கள். ஆறு துண்டுக் கோழி இருந்த என் சின்ன டப்பாவுக்குள் எலுமிச்சைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் முட்டைப் பொரியலும் இனிப்புக் கச்சாயமும் வந்து விழுந்தன. மென்று முடிப்பதற்குள் இருபது நிமிஷம் ஆகிவிட்டது. கை தட்டாவிட்டால் ஏனென்று கேட்பார்கள். இருந்ததையெல்லாம் அப்படியே விழுங்கிவிட்டு எழுந்து கை தட்டினேன். அடுத்த நிமிஷம் பாத்ரூமுக்கு ஓடி அத்தனையும் வாந்தி எடுத்தேன்.

நான்கு நாள் இதே கதை. நாலு மணிக்கு மேல் கால் நடுங்கியது. போனில் சொன்னபோது டாக்டர் கோபப்பட்டார். இப்படியே போனால் திரும்பவும் வந்து படுக்க வேண்டியிருக்கும் என்றார். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. ஆனாலும் லைனுக்கு முன்னால் என் குட்டு உடைவது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் வாந்தி எடுத்துவிட்டு வெளியே வந்தால், பாத்ரூம் வாசலில், என் லைனில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவள் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்தவள், ஒல்லிக் குச்சி.

“எக்கா, எங்க சித்திக்கும் கல்லு எடுத்தாவ. இப்பிடித் தெனமும் வாந்தி எடுக்கல. உண்மையச் சொல்லுங்க, என்ன செய்யுது?”

“போய் உன்ற மெஷினப் பாரு” என்று விழுந்தேன். அவள் பாட்டிலை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் முதல் ஸ்பூன் என் பக்கம் நீண்டபோது டப்பாவைக் கையால் மூடிக்கொண்டேன். “எனக்குக் கல்லுமில்ல மண்ணுமில்ல. ஒடம்பு எளைக்க வயித்தச் சின்னதாப் பண்ணீட்டு வந்திருக்கறேன். இனி நாலு வாய்தான் எறங்கும். அதையும் அரைமணி நேரம் மெல்லோணும்” என்றேன்.

நீண்ட ஸ்பூன் திரும்பி அதே டப்பாவுக்குள் போனது. பிறகு ஒருத்தி, “வலிச்சுதுங்களாக்கா?” என்றாள். இன்னொருத்தி தன் இடுப்பைத் தடவிக்கொண்டே, “அந்த டாக்டர் நெம்பர் இருக்குதுங்களா?” என்றாள். வட்டமே சிரித்தது. என் கோழித் துண்டு ஒன்று பிய்ந்து பிய்ந்து இருபது பேர் வாய்க்கும் போனது. “எண்ணெயில்லாம காத்துல பொரிச்ச கறியாக்கா? காத்தாட்டமேதான் இருக்குது” என்று ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். இதற்காகவா ஐந்து நாள் செத்துப் பிழைத்தேன் என்று எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

“இனிமே நான் கை தட்டப் போறதில்ல. மணி அடிச்சதும் எந்திரிச்சாப் போதும்” என்றேன்.

“நெசமாவாக்கா?” என்று கேட்டாள் ஓவர்லாக்காரி. “அப்போ நாளையிலேர்ந்து பெரிய டப்பாவே கொண்டு வரலாம்.”

“நீ திங்கற குருவிக் கொறிப்புக்குப் பெரிய டப்பா எதுக்குக் கண்ணு?” என்று சிரித்தேன்.

“எனக்கு மெதுவாத்தான்க்கா எறங்கும். நீங்க கை தட்டுறதுக்குள்ள முடிக்க முடியாது. வீணாக் கொட்டணுமேன்னு பாதிச் சோறுதான் கட்டிக்கிட்டு வாரேன்.”

“எப்ப இருந்து?”

“இங்க சேர்ந்ததிலேர்ந்துதான். மூணு வருசம் இருக்கும்.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். இந்த மூன்று வருஷத்தில், எப்படி இவ்வளவு ஒல்லியாக இருக்கிறாய், அந்த ரகசியத்தை எனக்கும் சொல்லேன் என்று லைனே கேட்கும்படி அவளிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டுத் தைக்கப் போய்விடுவாள். நான் வயிற்றை வெட்டிக் குறைத்துக்கொண்ட சாப்பாட்டை அவளுக்கு என் கை தட்டலே குறைத்திருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயிலிருந்த கோழியை அவசரமாக விழுங்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மெல்லச் சாப்பிடுங்கக்கா. இன்னும் பத்து நிமிசம் கெடக்கு.”