பிளொப்பியில் முதலாவது ஆள்

கணினியில் மற்றவர்களின் விபரம் பதிகிறவளுக்கு ஒரு விரல் பிசகினால், எங்கோ ஒருவருக்குக் கண் தெரியாமல் போய்விடும். திரைக்கு முன்னால் இருந்து பதறுகிற சகோதரங்களே, உங்களுக்கு இது விளங்கும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், போர் நின்றிருந்த சமாதான காலத்தில் கிளிநொச்சியில் இலவச மூக்குக்கண்ணாடி கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்தேன். கண் சோதித்தவர்களின் பெயர், வயது, ஊர், இரண்டு கண்ணின் அளவு எல்லாவற்றையும் பதிந்து பிளொப்பித் தட்டில் வவுனியாவுக்கு அனுப்புவோம். அங்கே கண்ணாடி வெட்டுவார்கள்.

ஜெனரேற்றர் நிற்க முன்னம்

எங்களுக்கு ஜெனரேற்றர் நாளுக்கு இரண்டு மணித்தியாலம்தான். பழைய புரோகிராம் ஒவ்வொரு விபரத்துக்கும் 'பெயர்', 'வயது' என்று தலைப்பு எழுதி எழுதிச் சேமித்து முடிக்க முன்னம் மின்சாரம் நின்றுவிடும். புரோகிராம் எழுதுகிற தயாபரன் அதைச் சி பிளஸ் பிளஸ் என்ற கணினி மொழியில் புதிதாக எழுதினான். தலைப்பே கிடையாது. பெயருக்கு இத்தனை இடம், வயதுக்கு ஒரு இடம் என்று அளந்து, கணினியின் நினைவில் உள்ளதை அப்படியே இறக்கிவிடும். ஐந்நூறு பேர் ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் ஏறிவிட்டார்கள்.

"வயது எண்டு எழுதாட்டி அங்க எப்பிடித் தம்பி தெரியும்?"

"ஒழுங்கு தெரிஞ்சாக் காணும் அக்கா. பஸ்ஸில சீற் நம்பர் மாதிரி."

"ஒரு ஆள் இடையில வந்து இருந்தா?"

"அக்கா, நீங்கள் நித்திரையிலயும் கவலைப்படுவியளோ?"

ஐந்நூறு பேர்

கவலைப்பட்டேன். அதனால் ஒவ்வொரு பிளொப்பியிலும் முதல் ஆளாக என்னையே பதிந்தேன்: பவளம், நாற்பத்தேழு, வட்டக்கச்சி. எனக்குக் கண்ணாடி வெட்டத் தேவையில்லை. நான் சரியாக இறங்கினால் மற்றவர்களும் சரியாக இறங்குவார்கள் என்ற நம்பிக்கைதான்.

ஒருமுறை பிளொப்பியை நானே பஸ்ஸில் கொண்டுபோனேன். பாஸ் காட்டிக் கடக்கிற சோதனைச்சாவடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சிங்களச் சிப்பாய், உள்ளே என்ன என்று கேட்டார். பயத்தில் "ஐந்நூறு பேர்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்காமல், ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் கேட்டார்: "அம்மா, ஐந்நூறு பேருக்கும் பாஸ் இருக்கா?"

நூற்றுப் பதினாறு வயது

பிளொப்பி போய்ச் சேர்ந்ததும் வவுனியாவில் அதைத் திறக்கும் நஸீமாவுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்து, முதல் ஆளை வாசிக்கச் சொல்வேன். அவள் பகிடி பண்ணிக்கொண்டே வாசிப்பாள். ஒரு நாள் சிரிப்பை அடக்க முடியாமல் வாசித்தாள்: "பவளம். வயசு நூத்திப் பதினாறு. ஊர் ட்டக்கச்சி. இடக் கண்ணில வலக் கண்ணின்ர அளவு நிக்குது."

காரணம் பிறகுதான் தெரிந்தது. பிறேம், அதாவது கண்ணாடிச் சட்டம், தெரிவு செய்ய வசதியாக இருக்கும் என்று கண்ணாடி வெட்டுகிறவர்கள் கேட்டதால், தயாபரன் வவுனியாவுக்குப் போய், அங்கே வாசிக்கும் புரோகிராமில் பெயருக்குப் பின்னால் 'ஆணா பெண்ணா' என்று ஒரு இடம் சேர்த்திருந்தான். எழுதும் எங்கள் புரோகிராமில் சேர்க்க மறந்துவிட்டான். பெயருக்குப் பின்னால் எல்லாம் ஒவ்வொரு சீற் தள்ளி இருந்துவிட்டன. என் வயது அந்தப் புது இடத்தில் போய் இருக்க, ஊரின் முதல் எழுத்துக்குக் கணினி வைத்த எண் வயதாகிவிட்டது. அந்த நேரம் எனக்குப் பட்டது ஒன்றுதான்: ஐந்நூறு பேருக்கும் பிழையான கண்ணாடி!

"நஸீமா, வெட்டாதேங்கோ!" என்று கத்தினேன்.

"எங்க வெட்டினது? நீங்க கோல் எடுத்துப் பதறி முடியும்வரைக்கும் நாங்க மெசினையே போடுறேல்ல அக்கா."

வட்டக்கச்சியில்

தயாபரன் தலையைச் சொறிந்துகொண்டு இரண்டு பக்கத்தையும் திருத்தினான். கண்ணாடிகள் சரியாக வந்தன. எங்கள் ஊரில் பங்கிடும்போது, அடுத்த வளவு வயல்காரர் செல்லையா அண்ணை தன்னுடையதை மாட்டிக்கொண்டு முதலில் என்னைத்தான் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். சரியில்லையோ என்று பதறினேன்.

"வடிவாத் தெரியுது பிள்ளை. உனக்கு இவ்வளவு யோசினையோ? முகம் முழுக்க எழுதிக் கிடக்கு."

கணினி எவ்வளவு வேகமாக ஓடினாலும், அதற்குப் பின்னால் பதறிக்கொண்டு ஓட எங்களைப் போல ஒருத்தி வேண்டித்தான் இருக்கிறது.