கதவுக்கு மேல் இரண்டு பெயர்கள்

தல்லுசாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு பெயர்களைக் கண்டால் அடையாளம் தெரியும். மகன் ஹிலாரஸ் ஆறு வயதில் காய்ச்சலில் போனபோது, அவன் சாம்பல் கலயம் இருந்த மாடத்தின் கீழே, 'அம்மா தல்லுசாவும் அப்பா எபாப்ராவும் வைத்தது' என்று சின்னக் கல் பதித்தார்கள். ஏழு வருஷம் விரலால் தடவித் தடவி அவ்விரண்டையும் மனதில் ஏற்றிக்கொண்டாள்.

அந்த மாடம் இருந்த கல்லறை முழுவதும் வரேனஸ் கிறிஸ்பஸுக்குச் சொந்தம். ஒஸ்தியாத் துறைமுகத்தில் எண்ணெய் விற்றுக் கொழுத்தவர். அவளையும் எபாப்ராவையும் அடிமைகளாக வைத்திருந்து விடுதலை தந்தவர். தந்ததை நாளுக்கு நாலு தடவை சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. ஒரு விருந்தில் வாய் நிறைய அத்திப்பழத்தோடு சொன்னார்:

"கல்லறைக் கதவுக்கு மேல புதுக் கல்லு வைக்கப் போறேன். எங்கிட்ட விடுதலை வாங்கின எல்லாருக்கும் உள்ள இடம் உண்டு. ஒரு ஆளைத் தவிர."

சொல்லிவிட்டு அவள் இருந்த பக்கம் பார்த்தார். அன்றே அவள் தூக்கம் போயிற்று. சாவுக்கு அவள் பயப்படவில்லை. செத்தபின் பிள்ளை பக்கத்தில் போய்ச் சேர முடியாதோ என்றுதான் பயம். என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தாள். எஜமானியம்மாளுக்குத் தலைவாரிவிட்ட காலத்தில், முடியைச் சுருட்டும் கம்பியின் சூட்டில் ஒரு கொத்து கருகியது ஞாபகம் வந்தது. அதற்காகவா?

தாங்க முடியாமல் கல் கொத்தும் தொனாத்தஸிடம் போனாள். சிவப்பு மையால் எழுதி முடித்து உளியை எடுத்திருந்தான். கடைசி வரிகளில் அவள் பெயர். அதை ஒட்டி எபாப்ராவின் பெயர்.

"படிச்சுச் சொல்லு தம்பி."

"எதுக்குக்கா? இருக்கற வரைக்கும் நிம்மதியா இருந்துட்டுப் போயேன்."

"படிடா."

அவன் இளிப்பை நிறுத்திவிட்டுப் படித்தான். "வரேனஸ் கிறிஸ்பஸ் தனக்கும், தன் மனைவிக்கும், தான் விடுதலை செய்தவர்களுக்கும், அவர்கள் வழிவந்தோருக்கும் கட்டியது. தல்லுசாவின் கணவன், நன்றிகெட்ட எபாப்ரா நீங்கலாக. அவனுக்கு இதனுள் வழியும் இல்லை, இடமும் இல்லை."

"அப்ப நான்?"

"உனக்கு இடம் இருக்குக்கா. எந்த எபாப்ரான்னு தெரியத்தான் உன் பேரு."

காரணம் அவளுக்குத் தெரிந்ததுதான். காலையில் போய்ப் பழைய எஜமானைக் கும்பிடுவதை எபாப்ரா நிறுத்தி ஒரு மாதமாகிறது. விடிந்ததும் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்விடுகிறான். "தெனமும் அந்தாளு மூஞ்சிலதான் முழிக்கணும்னு சட்டமா?" என்று கடைத்தெருவில் கேட்டும் வைத்திருந்தான்.

இறந்தவர்களுக்குப் படைக்கும் நாளுக்கு இன்னும் எட்டு நாள். எட்டு நாளும் சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினாள். சொன்னால் சுத்தியலோடு போய்க் கல்லை உடைப்பான். அந்தக் கோபத்தில் கிறிஸ்பஸ் பிள்ளையின் கலயத்தை வெளியே வீசிவிட்டால்?

படையல் நாளில் மதுவில் நனைத்த ரொட்டியும் உப்பும் ஊதாப்பூவும் எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். சாலை நிறைய சனம். கல்லறைக் கல்லைக் கண்டால் நின்று உரக்கப் படித்துவிட்டுப் போவது அங்கே வழிப்போக்கர் வழக்கம். எபாப்ரா கதவுக்கு மேலே அண்ணாந்து பார்த்தான். மகனின் கல்லில் பார்த்துப் பார்த்து அவனுக்கும் அந்த இரண்டு பெயர்கள் பழக்கம்.

"பாத்தியாடி, கெழவன் என்னையும் சேத்துட்டான். நான்தான் அந்தாளைத் தப்பா நெனச்சுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வா, உள்ள போலாம். புள்ள காத்துக்கிட்டிருப்பான்." அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இருடி" என்று கையை விடுவித்துக்கொண்டு, சாலையில் போன பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டான்.

"ஐயா, கொஞ்சம் நின்னு படிங்க. நல்லாச் சத்தமாப் படிங்க. எங்க ரெண்டு பேர் பேரும் இருக்கு."