ரோஸ் நிறக் கோதுமை

போன மாதம் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் மருமகளின், அதாவது என் அக்கா மகளின், கலியாணம். மணவறைக்காரர் முளைப்பாலிகைச் சட்டிகளை வரிசையாக வைத்தார். குனிந்து முகர்ந்தேன். புதுச் செருப்பு மணம். முளைத்த தானியம் இருக்கவேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் புல்.

என் மூக்குக்குத் தெரிந்த பாலிகை மணம் வேறு. அதில் மருந்து நெடி இருக்கும். மருமகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அக்கா வீட்டில் ஒண்டியிருந்தேன். அத்தானும் நானும் நகருக்கு மேற்கே ஒரு பரிசோதனைப் பண்ணையில் கோதுமையை வெவ்வேறு ஆழத்தில் ஊன்றி, எது மேலே வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தோம். இலக்கியம் படித்தவனுக்கு வேறென்ன வேலை கொடுப்பார்கள்? ஆழத்தில் போனது வெளிச்சத்தைக் காணுமுன் களைத்துவிடும். பூஞ்சண மருந்து பூசாதது குளிர் ஈரத்தில் அழுகும். மருந்து பூசியதை மேலாக வைத்தால் மளமளவென்று வரும். அந்த மருந்தின் நிறம் ரோஸ், மிட்டாய் ரோஸ்.

அந்த வசந்தத்தில் அத்தானின் தங்கைக்குக் கலியாணம். பாலிகைக்கென்று அக்கா விரலாழத்தில் புதைத்த கடைத் தானியம் அழுகிப்போயிற்று. அபசகுனமென்று அத்தான் வெளிறிவிட்டார். மறுநாள் பண்ணையிலிருந்து ஒரு கைப்பிடி ரோஸ் கோதுமை கொண்டுவந்தார்.

"மேலால தூவு. இது முளைக்காட்டி என்னைக் கேள்."

பாலிகைத் தானியத்தை முதலில் பாலில் ஊறவைப்பது வழக்கம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த அக்காவுக்கு மருந்தைப் பற்றித் தெரியாது.

அதற்கடுத்த நாள் நாங்கள் வேலை முடிந்து வந்தபோது மேசையில் கிண்ணம் இருந்தது. அடியில் கோதுமை, பாலைக் காணவில்லை. பக்கத்தில் நாலு வயது மருமகள். நாக்கு ரோஸ்.

"என்னம்மா குடிச்சனீ?"

"ரோஸ் பால்."

நான் தொலைபேசியை எடுத்தேன். நஞ்சுத் தகவல் நிலையத்துப் பெண் மருந்தின் பெயரைக் கேட்டாள். மில்லிமீட்டர் கணக்கில் ஆழம் அளந்த இருவருக்கும் அது தெரியவில்லை. "ரோஸ்," என்றேன் பிரெஞ்சில். என் விஞ்ஞான வாழ்வின் ஒரே உரை.

காரில் அக்கா திரும்பாமலே கேட்டாள். "நஞ்செண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"நடத்தானேயப்பா தந்தனான்," என்றார் அத்தான்.

மருமகள் என் மடியில். "கண்ணை மூடாதையம்மா. மாமாவோட கதை," என்றேன்.

"ஏன் என்னை இறுக்கிப் பிடிக்கிறீங்க?"

குளிர் என்றேன். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் எவ்வளவு குடித்தாய் என்று டாக்டர் கேட்க, மருமகள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். பிறகு எங்களுக்கு: "ஒரு வாய்தான். கைக்குது. மிச்சம் பொம்மைக்கு."

நம்புவதா? அத்தான் வீட்டுக்கு ஓடினார். கட்டிலடியில் துணிப்பொம்மை, வயிறுவரை ரோஸ் நிறத்தில் தொப்பலாகக் கிடந்ததாம். தொலைபேசியில் அதைச் சொல்லிவிட்டு அழுதார். இரவுவரை வைத்துப் பார்த்து, பிள்ளையை அனுப்பினார்கள்.

பொம்மை அன்றைக்கே குப்பைக்குப் போனது. பண்ணை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். பாலில் தானியம் ஊறவைக்க யாருக்கும் நேரமில்லை. பிளாஸ்டிக்குக்கு ஆழமும் இல்லை, அழுகலும் இல்லை. நல்லது என்றுதான் நினைத்தேன்.

பிறகு, போன மாதம் அதே மணவறையில் மருமகளுக்குப் பாலும் பழமும் கொடுத்தார்கள். அவள் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோனதும், முன்வரிசையில் நான் எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் அத்தானும் எழுந்து நின்றார்.

வெள்ளைதான்.