பஸ்ஸுக்குள் கத்திய கழுதை

மூன்று வருடங்களுக்கு முன்பு, சோளகக் காற்று வீசும் ஒரு மத்தியானம். மன்னார் பஸ் நிலையத்தில் மடுவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். மனம் சரியில்லை. நான் எழுதி அனுப்பிய சிறுவர் கதைகளைப் படித்த பதிப்பாளர் ஒருவர் அன்று காலைதான் தொலைபேசியில் சொல்லியிருந்தார்: “தங்கச்சி, தமிழ் நல்ல வடிவாய் இருக்கு. ஆனால் பிள்ளையள் நித்திரை கொண்டிடுவினம்.”

பகலில் பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை, பின்னேரத்தில் எழுத்து என்று இருந்தவள் நான். இனி எழுதுவதில்லை, மடுக் கோவிலில் மாதாவிடம் ஒருமுறை அழுதுவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பியிருந்தேன்.

மன்னார்த் தீவைத் தாண்டும் பாலத்துக்கு வருவதற்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. எஞ்சின் சூடாகிவிட்டதாம். நடத்துநர் வாளியோடு தண்ணீர் தேடி இறங்கினார். உள்ளே புழுக்கம் தாங்க முடியவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு தாயும் ஐந்து வயது மதிக்கத்தக்க மகளும். ஆஸ்பத்திரியில் கை முறிவுக்குப் புதிதாக மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பிள்ளை விடாமல் வீறிட்டு அழுதது. “அழுவாத பாப்பா, இந்தா வீட்டுக்குப் போயிரலாம்” என்று தாய் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து முருங்கனுக்கு அப்பால் குடியேறிய குடும்பம் என்பது அவள் பேச்சிலேயே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு கழுதை ஆறுதலாக நடந்து வந்து எங்கள் யன்னலுக்குக் கீழே நின்றது. காதை ஆட்டியபடி நிமிர்ந்து பார்த்தது. எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. மூக்கால் பேசும் ஒரு குரல் என் வாயிலிருந்து வந்தது: “என்ன பிள்ளை, உன்ரை கை மட்டும் ஏன் வெள்ளைக் காற்சட்டை போட்டிருக்கு?”

அழுகை பட்டென்று நின்றது. பிள்ளை கழுதையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி கழுதையைப் பார்த்தது. “அம்மா, கழுத பேசுது!”

சின்ன வயதில் எனக்குக் கழுதைப் பைத்தியம். எங்கள் ஊரான கீரியிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியில் எந்தக் கழுதையைக் கண்டாலும் அதற்காக நான் பேசுவேன். ஒன்றுக்குக் கோபக்கார மாமியின் குரல், இன்னொன்றுக்குக் கந்தோரில் அதிகாரம் பண்ணும் பெரியவரின் குரல். சிநேகிதிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வளர்ந்த பிள்ளைக்குக் கழுதையோடு என்ன கதை என்று அம்மா அதட்டத் தொடங்கியதும் அது மெல்ல மெல்ல நின்றுபோனது. பிறகு கதை எழுத வந்தபோதுகூட அந்தக் குரல்களை நான் கிட்ட அண்டவிடவில்லை. மரியாதையாக, புத்திமதி சொல்லியே எழுதினேன்.

அன்று எல்லாம் மடை உடைந்த மாதிரி வந்தது. மடுவுக்குப் போக ஆசைப்பட்ட ஒரு கழுதை பஸ்ஸில் ஏறி யன்னல் சீற் கேட்கிறது என்று சொல்லத் தொடங்கினேன். தண்ணீரோடு திரும்பி வந்த நடத்துநர் மிதிபலகையில் நின்று கேட்டுவிட்டு, “கழுதைக்கு ரிக்கற் குடுக்கச் சட்டம் இல்லை!” என்று கத்தினார். “நாலு கால் இருக்கிறபடியால் ரண்டு ரிக்கற் எடுக்கிறன், பிறகென்ன?” என்றது என் கழுதை. முன்னால் முக்காடு போட்டிருந்த ஓர் அம்மா திரும்பி, “பாவம், ஏத்துங்கோ தம்பி” என்று சிபாரிசு செய்தார். பஸ்ஸே இரண்டு கட்சியாகிவிட்டது!

பஸ் மறுபடி புறப்பட்டது. பாலத்துக் காற்றின் இரைச்சலுக்கு மேலால் நான் கத்திக் கத்திக் கதை சொன்னேன். கதையிலும் பஸ் வழியில் நின்றுவிட்டது, கழுதைதான் இழுக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்தபோது, தாயும் மகளும் இறங்கும் சந்தி வந்துவிட்டது. பிள்ளை இருக்கைக் கம்பியை நல்ல கையால் இறுகப் பிடித்துக்கொண்டது. “முடிவு சொன்னாத்தான் எறங்குவேன்!”

தாய்க்கு வெட்கம். நடத்துநரோ சாரதியைப் பார்த்து, “அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ, கதை முடியேல்லை” என்றார். அதுவரை வாயே திறக்காத சாரதி திரும்பினார். “எஞ்சின் நிண்டால் திரும்ப ஸ்டார்ட் வராது. கெதியாய்ச் சொல்லுங்கோ!”

என்னிடம் முடிவு இல்லை. பழக்கதோஷத்தில், “அதனால் பிள்ளையள், பெரியவர்கள் சொல்லுக்கு…” என்று தொடங்கினேன். பிள்ளையின் முகம் வாடியது. பதிப்பாளர் சொன்னது அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு மூச்சு இழுத்து மூக்குக் குரலுக்கு மாறினேன்: “இப்ப நான்தான் கொண்டக்டர்! என்னட்டை ரிக்கற் எடுங்கோ. காசு வேண்டாம். எல்லாரும் ஒருக்காக் கழுதை மாதிரிக் கத்துங்கோ, பஸ்ஸை இழுக்கிறன்!”

முதலில் பிள்ளை தொண்டை கிழியக் கத்தியது. அடுத்தது நடத்துநர். முக்காடு போட்ட அம்மா, பின்னால் இருந்த மீன் பெட்டிக்காரர், கடைசியில் சாரதியும்! பஸ் முழுவதும் கழுதைக் கத்தல். பிள்ளை தாயின் இடுப்பில் இருந்தபடி கத்திக்கொண்டே இறங்கிப் போனது.

மடுவில் மாதாவிடம் அழ எனக்கு அழுகையே வரவில்லை. மரநிழலில் உட்கார்ந்து, கைப்பையில் கிடந்த மருந்து பில்களின் பின்பக்கத்தில் அந்தக் கதையை அப்படியே எழுதினேன். அதே பதிப்பாளர் அதைப் படித்துவிட்டு எடுத்த அழைப்பில் முதலில் கேட்டது அவருடைய சிரிப்புத்தான். கதை புத்தகமாக வந்துவிட்டது. இப்போது இரண்டாவது புத்தகத்துக்குப் படங்கள் வரைந்துகொண்டிருக்கிறார்கள்!

எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும், முடிவைக் கேட்காமல் இறங்க மாட்டேன் என்று யாரோ ஒரு பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகவே தோன்றும். அந்தப் பயத்தையும் குதூகலத்தையும் விட்டு ஒரு வரிகூட இன்று என்னால் எழுத முடிவதில்லை.